தண்ணீரைப் பிடித்து வைக்கும் விதை

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும் எந்த விதைக்கும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அந்த விதியைக் கொண்டுவந்தவளே நான்தான். எள் என்று தெரிந்துவிட்டால், எள்ளில் எவ்வளவு எண்ணெய் இருக்கவேண்டுமோ அவ்வளவையும் நம் கையே தேடிக் கண்டுபிடித்துவிடும் என்பது என் கட்சி. அதனால் மூட்டையைப் பிரித்து எண் ஒட்டுகிறவருக்கும், கடைசியில் அறிக்கையில் கையெழுத்துப் போடுகிற எனக்கும் மட்டும்தான் பெயர் தெரியும். நடுவில் கழுவுகிறவர், அரைக்கிறவர், எடை போடுகிறவர் எவருக்கும் தெரியாது. என் கை மட்டும் எப்படி நம்பகமான கை ஆயிற்று என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. பதினொரு வருடமாக இந்த விதியைப் பற்றிப் பெருமை பீற்றிக்கொண்டிருந்தேன்.

4417 என்ற எண்ணோடு வந்தது சியா விதை. ஒரு பொட்டல நிறுவனம் மூன்று கிலோ அனுப்பியிருந்தது. கூடவே, பாக்கெட்டில் அச்சடிக்கப்போகும் வாசகங்களின் நகல். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், மூட்டு, மலச்சிக்கல், மறதி, முடி உதிர்தல் என்று பதினெட்டு வியாதிகள் வரிசையில் நின்றன, விதையைக் கண்டதும் ஓட்டம் பிடிக்கத் தயாராக. விதைக்குள் என்னென்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, இந்தப் பதினெட்டில் எதைத் துணிந்து சொல்லலாம் என்று நாங்கள் எழுதித் தரவேண்டும். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கோபத்துக்கு விதை பொறுப்பல்ல. ஐந்து மாதத்துக்கு முன்னால் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு திரும்பிவிட்டன. பேச்சு பாதி திரும்பியது. தொண்டை திரும்பவில்லை. தண்ணீரை வாயில் விட்டால் அது உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். தண்ணீர் வேகமாக ஓடுகிறது, அவர் தொண்டை மெதுவாக மூடுகிறது, விஷயம் அவ்வளவுதான். ஆனால் அதற்குள் இரண்டு தடவை நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஐந்து மாதமாக அந்த மனிதர் ஒரு வாய் வெறும் தண்ணீர் குடிக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் கையில் ஓர் அதிசயத்தோடு வந்தார்கள். ஒருவர் பொடி, ஒருவர் எண்ணெய், ஒருவர் ஏதோ ஒரு வேர். அதிசயம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கை ஓங்க வந்தது.

எங்கள் மாதிரி அறையில் விதை கழுவுவது அக்காவின் வேலை. என்னைவிட ஆறு வயது பெரியவர், கூடத்தில் எல்லோருக்குமே அக்கா. எந்த விதை வந்தாலும் அலசி, கல்லும் மண்ணும் போக்கி, உலர்த்திய பிறகுதான் அரைக்கத் தருவார். மண் ஒட்டியிருந்தால், விதையை எரித்துப் பார்க்கிற சாம்பல் கணக்குக் கெட்டுவிடும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவர் 4417-இலிருந்து அரைக் கிலோவைத் தொட்டியில் கொட்டி, தண்ணீரை நிரப்பிவிட்டு, தேநீர் குடிக்கப் போனார். திரும்பி வந்ததும் எனக்குப் போன் வந்தது.

"மேடம், கொஞ்சம் வரீங்களா? இது கழுவக் கழுவப் பெருகுது."

"எது பெருகுது?"

"விதைதான். கொஞ்சமாத்தான் போட்டேன். இப்ப தொட்டி கொள்ளல. தண்ணி ஊத்தினா போயிடும்னு இன்னும் ஊத்தினேன். அந்தத் தண்ணியையும் சேத்துக்கிச்சு."

போய்ப் பார்த்தேன். தொட்டி நிறையத் தவளை முட்டை. ஒவ்வொரு விதையும் கண்ணாடியில் தைத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு பக்கத்து விதையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வடிகால் அடைத்துப்போய், தண்ணீர் இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால், இறங்குவதற்குத் தண்ணீர் என்று தனியாக அங்கே ஒன்றும் இல்லை.

"அக்கா, இதைப் போய் யாராவது கழுவுவாங்களா?" என்று கத்தினேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானே பேரு சொல்லக் கூடாதுன்னீங்க? பையில நம்பர்தான் இருந்துச்சு. பொடிசா சாம்பல் நிறமா இருந்துச்சு, எள்ளுல ஏதோ ஒரு வகைன்னு நெனச்சேன். நம்பரைப் பாத்து இது ஊறும், இது ஊறாதுன்னு நான் ஜோசியமா சொல்ல முடியும்?"

பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் இரட்டிப்பாகும். வெள்ளைக் கோட்டின் கையை முழங்கைவரை ஏற்றிவிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டேன். குளுகுளுவென்று இருந்தது. அள்ளினால் வந்தது, விரல் இடுக்கில் ஒழுகவில்லை, ஒழுகலாமா என்று யோசித்தது. வெந்நீர் ஊற்றிப் பார்த்தோம், கரையவில்லை. கொஞ்சம் அமிலம் விட்டோம், அசையவில்லை. சோடா போட்டோம், அதற்கும் மசியவில்லை. கடைசியில் கம்பியை விட்டுக் குடைந்து வாளி வாளியாக அள்ளி வெளியே கொண்டுபோனோம். எதையும் எடை போடாமல் விடமாட்டார் அக்கா. "அரைக் கிலோ ஆறு கிலோவா வந்திருக்கு மேடம்," என்றார். குரலில் குற்ற உணர்ச்சி போய்ப் பெருமை ஏறியிருந்தது.

மத்தியானம், எதிரியின் முகத்தைப் பார்த்துவிடலாம் என்று, உலர்ந்த விதை ஒன்றே ஒன்றை நுண்ணோக்கியின் கீழ் வைத்து அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன்.

ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பத்து வருவதற்குள் விதையின் தோலிலிருந்து நூல்கள் புறப்பட்டன. சுருண்டு கிடந்தவை விரிந்து, நிமிர்ந்து, நாலா பக்கமும் நீண்டன. எண்ணிப் பார்க்க நினைத்துத் தோற்றேன். ஒவ்வொரு நூலும் தன்னைச் சுற்றித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டது. சொட்டு வழிந்து ஓடவில்லை, விதையைச் சுற்றி உருண்டையாக நின்றுவிட்டது. ஒரு மில்லிகிராமுக்குச் சற்றே கூடுதலான ஒரு பொருள், தன் எடையைப்போலப் பத்து மடங்குக்கு மேல் தண்ணீரை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. இருபத்து மூன்று வருடம் விதைகளோடு குப்பை கொட்டியிருக்கிறேன். உடைத்திருக்கிறேன், அரைத்திருக்கிறேன், எரித்துச் சாம்பலாக்கியிருக்கிறேன். ஒரு விதை தண்ணீர் குடிப்பதை உட்கார்ந்து பார்த்ததில்லை.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கை நீட்டுது மேடம்," என்றார். "எதுக்கு?"

"இது வளர்ற எடத்துல மழை கொஞ்சம்தான் இருக்கும்க்கா. ஒரு மழை பெஞ்சா அடுத்தது எப்பன்னு தெரியாது. கெடச்ச தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, மண்ணோட ஒட்டிக்கிட்டு, வேர் வர்ற வரைக்கும் காத்திருக்கும்."

"இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

தெரியாது என்றேன். அந்தக் கூடத்தில் நான் தெரியாது என்று சொல்லி அக்கா கேட்டது அதுதான் முதல் தடவை என்று அவர் பின்னால் எல்லோரிடமும் சொன்னாராம்.

வீட்டுக்குப் போனபோது என் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எதிரில், தொண்டைக்குள் மெதுவாக இறங்குவதற்காகக் கெட்டியாக்கிய தண்ணீர் ஒரு டம்ளர் தொடப்படாமல் இருந்தது. பகலில் அவரைப் பார்த்துக்கொள்வது நாத்தனார், அவருடைய தங்கை. சுவரில் ஒரு தாளை ஒட்டி, அண்ணன் எத்தனை மில்லி குடித்தார் என்று குறித்து வைப்பாள். அன்று முந்நூற்றைம்பது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டராவது வேண்டும். விழுங்குவதற்குப் பயிற்சி தருகிற பெண்மணி ஒருவர் ஆஸ்பத்திரியில் உண்டு. என் கணவர் அவருக்கு 'விழுங்கல் டாக்டர்' என்று பெயர் வைத்திருந்தார். இன்னும் பதினாறு நாளில் மறு பரிசோதனை, அப்போதும் லிட்டர் கணக்கு எட்டவில்லை என்றால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று அவர் சொல்லியிருந்தார்.

என் கணவர் குழாய் வேலை செய்பவர். முப்பது வருடம் ஊரிலுள்ள குழாய்களையெல்லாம் பிரித்து மாட்டியவர். எங்கள் ஆய்வுக்கூடத்துத் தொட்டியைச் சரிசெய்ய வந்த இடத்தில்தான் நான் அவரிடம் மாட்டினேன், அல்லது அவர் என்னிடம். வயிற்றில் குழாய் என்றதும் அவர் சொன்னது, "எனக்கே... குழாயா?" என்பதுதான். சிரிப்பதற்காகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, அவர் உட்பட. அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

அவரைப் பேச வைப்பதற்காகத் தொட்டி அடைத்த கதையைச் சொன்னேன். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"எங்க... அடைப்பு? வளைவுலயா?"

"ஆமாங்க, அடியில இருக்கற வளைவுல."

"வெந்நீர்?"

"ஊத்தினோம். அசையல."

"ஆசிட்?"

"அதுவும்தான். சோடாவும் போட்டாச்சு. அக்கா திட்டியும் பாத்தாங்க."

சிரித்தார். ஐந்து மாதத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு. இருமல் வந்து அதை முழுங்கிவிட்டது. நாத்தனார் முதுகைத் தடவிக்கொடுத்தாள். மூச்சு நிதானப்பட்டதும் தொழில்காரனுக்கே உரிய எரிச்சலோடு கேட்டார்: "அப்ப... எதுக்குத்தான்... உடையும் அது?"

மேசைமேல் இருந்த டம்ளரைப் பார்த்தேன்.

அந்தக் கெட்டித் தண்ணீர் மாவுப் பொடி கலந்தது. மாவு தண்ணீரைக் கெட்டியாக்கும், மெதுவாக ஓட வைக்கும். ஆனால் மாவை வெட்டுவதற்கென்றே எச்சிலில் ஒரு நொதி இருக்கிறது. வாயில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், கெட்டியாக இருந்தது இளகிவிடும். ஒரு வாயை விழுங்க அரை நிமிஷம் எடுத்துக்கொள்கிறவர் இவர். கெட்டியாகத் தொடங்கிய வாய், தொண்டைக்குப் போகும்போது தண்ணீராகப் போயிற்று; இருமினார்; பயந்தார்; அடுத்த டம்ளரைத் தொட மறுத்தார். வேறொரு பிசின் பொடியும் கொடுத்துப் பார்த்தார்கள், அது வயிற்றைக் கலக்கிவிட்டது. எல்லாவற்றையும்விட அவருக்கு வெறுப்பு அந்த மாவு ருசி. "சுவர்ல... போஸ்டர் ஒட்டற பசை," என்பார். "தண்ணிக்கு... ருசி... இருக்கக் கூடாது."

காலையில் தொட்டியை அடைத்த அந்த விதைப் பிசின் மாவு இல்லை. அதுவும் சர்க்கரைக் கண்ணிகள் கோத்த சங்கிலிதான், ஆனால் கண்ணிகள் வேறு, கோத்த விதம் வேறு. அந்தப் பூட்டுக்கு எச்சிலில் சாவி கிடையாது.

"என்ன?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. உறுதியாத் தெரியட்டும், சொல்றேன்," என்றேன். உறுதியாகத் தெரியாத எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டேன். அதை ஒரு நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து 4417-க்கு முறையான ஆய்வு. கழுவாமல். எண்ணெய் மூன்றில் ஒரு பங்கு வந்தது. அதை வாயுப்பிரிப்புக் கருவியில் ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய்க்குள் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, தான் இருக்கும் அளவுக்கு ஒரு கோபுரம் வரைந்துவிட்டுப் போகும். முதலில் இரண்டு மூன்று குட்டிக் கோபுரங்கள். பிறகு ஒன்று எழுந்தது, எழுந்துகொண்டே போயிற்று, திரையைத் தாண்டிப் போயிற்று. ஒமேகா மூன்று வகையைச் சேர்ந்த லினோலெனிக் அமிலம். மொத்த எண்ணெயில் நூற்றுக்கு அறுபது பங்கு. கடலில் மீனிடம் தேடுகிற வகை, மண்ணில் முளைக்கிற ஒரு செடி இவ்வளவு சேர்த்து வைத்திருந்தது. இது சீக்கிரம் கெட்டுப்போகிற அமிலம், காற்றுப் பட்டாலே சிக்கு வாடை வரும். அதற்கும் விதை ஏற்பாடு செய்திருந்தது: ரோஸ்மரினிக் அமிலம், காபியிக் அமிலம், குவெர்செட்டின் என்று ஒரு காவல் படையே உள்ளே இருந்தது. காற்று வந்து எண்ணெயைத் தொடுவதற்கு முன் தன்னைக் கொடுத்துத் தடுக்கிற படை. புரதம் ஐந்தில் ஒரு பங்கு, நார் மூன்றில் ஒரு பங்கு. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சொன்னவர் இதைப் பார்க்காமல் போய்விட்டார்.

இத்தனை பார்த்த பிறகும் அந்தப் பதினெட்டு வியாதிகளில் பதினைந்தை அடித்தேன். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் சிறிய ஆய்வுகள் இருக்கின்றன, சிலதில் பலன் தெரிகிறது, சிலதில் இல்லை. 'உதவக்கூடும்' என்று மட்டும் போடலாம் என்று எழுதினேன். மலச்சிக்கலை அப்படியே விட்டேன். அதிசயம் விதைக்குள் இருக்கிறது, பாக்கெட்டில் அச்சடித்தால் கெட்டுவிடும் என்று எழுதவும் கை துறுதுறுத்தது. அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. பிசினைத் தனியே பிரித்து உலர்த்தி அதற்கும் ஒரு பக்கம் எழுதினேன். நிறம்: இல்லை. மணம்: இல்லை. ருசி: இல்லை.

பிறகு அக்காவும் நானும் கதவைச் சாத்திக்கொண்டு துப்பினோம். ஒரு சோதனைக் குழாயில் மாவுத் தண்ணீர், ஒரு குழாயில் விதைப் பிசின் தண்ணீர், இரண்டிலும் எச்சில். நூறு பங்குத் தண்ணீருக்கு ஒரு பங்குப் பிசின்கூடப் போடவில்லை. மாவுக் குழாய் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இளகிப்போய்க் கவிழ்த்ததும் சளக்கென்று கொட்டியது. பிசின் குழாயைக் கவிழ்த்தேன். நின்று, நிதானமாக, தேன் இறங்குவதுபோல இறங்கியது. ஒரு மணி நேரம் கழித்தும் அதே நிதானம்.

"இருபது வருஷம் இங்க வேலை பாத்து, கடைசில துப்பறதுக்கு ஆள் வேணும்னு ஆயிட்டேன்," என்றார் அக்கா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாருக்காகவா?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் மறுபடியும் துப்பினார்.

விழுங்கல் டாக்டரிடம் நேரில் போய் எல்லாவற்றையும் காட்டினேன். அவர் என்னைவிட இருபது வயது சின்னவர், ஆனால் முகத்தில் ஓர் இளக்கம் கிடையாது. பிசின் தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சில் பத்து மில்லி ஏற்றி, கீழே விரலால் அடைத்து, விரலை எடுத்து, பத்து விநாடியில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார். மூன்று தடவை பார்த்தார்.

"ஓட்டம் சரியா இருக்கு," என்றார். "ஆனா கேளுங்க. ஒரு விதைகூட இருக்கக் கூடாது. தொண்டைல ஒட்டி ஊறிச்சுன்னா அடைச்சுக்கும். இவர் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறார், விதையோட எண்ணெய் அதுல கை வைக்கலாம், அதனால எண்ணெயும் வரக் கூடாது. பக்கவாதம் பாக்கற பெரிய டாக்டர்கிட்ட நான் பேசறேன். அது வரைக்கும் வீட்ல ஒரு சொட்டுக் குடுக்காதீங்க. பரிசோதனை அன்னிக்குக் கொண்டு வாங்க, எக்ஸ்ரே திரைல பாத்துட்டுதான் மத்தது."

"அன்னிக்குச் சரியா வரலன்னா?"

"அன்னிக்கே குழாய் வச்சுடுவாங்க. இதுக்கு மேல தாங்காதும்மா. அவர் உடம்புல தண்ணியே இல்ல."

வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. நம்பிக்கை கொடுத்துப் பிறகு பிடுங்குவதற்கு எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் பெரிய டாக்டர் சம்மதம் சொல்லக் கூப்பிட்டபோது நான் போனில் 'சியா, சியா' என்று பேசியது நாத்தனார் காதில் விழுந்திருக்கிறது. பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பு, மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறேன். அண்ணன் வாயருகே நாத்தனார் நீட்டிய கரண்டி நிறைய, கடையில் வாங்கிய உலர்ந்த விதை.

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பாய்ந்துபோய்க் கரண்டியைத் தட்டிவிட்டேன். அறை முழுக்க விதை சிதறியது.

"கொல்லப் பாக்கறியா அவரை?"

நாத்தனாருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "நல்லதுன்னு நீங்கதானே அண்ணி போன்ல சொன்னீங்க... அண்ணனுக்கு நல்லதுன்னுதானே..." என்று உதடு துடித்தது. அப்படியே அழுதாள்.

மேசைமேல் படீரென்று ஒரு சத்தம். என் கணவர் நல்ல கையால் அறைந்திருந்தார். "அவளுக்கு... சொன்னியா நீ?"

சொல்லவில்லை. எண் மட்டும் ஒட்டிவிட்டுப் பெயரை என்னிடமே வைத்துக்கொண்டேன். அக்காவுக்குச் செய்ததையே வீட்டிலும் செய்திருக்கிறேன். அங்கே ஒரு தொட்டி அடைத்தது, இங்கே ஒரு தொண்டை அடைத்திருக்கும். தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல ஈரத் துணியைக் கொண்டுவந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடமெல்லாம் விதைகள் ஊறி, தரையோடு ஒட்டிக்கொண்டு, ஒன்றுகூட வரமாட்டேன் என்றது. இவள் தேய்க்கத் தேய்க்க அவை பெருத்தன. நானும் துணியை எடுத்துக்கொண்டு அவளோடு தேய்த்தேன். ஒரு கட்டத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம், அழுதுகொண்டே.

"மன்னிச்சுக்கோ," என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்து எத்தனை வருடம் ஆயிற்றோ. பிறகு இருவரையும் உட்கார வைத்து, நூல்கள் கை நீட்டியதிலிருந்து அக்கா துப்பியது வரை ஒன்று விடாமல் சொன்னேன். சரியாக வராமல் போகலாம், அன்றே குழாய் வைக்கலாம் என்பதையும் சொன்னேன். என் கணவர் தரையில் ஒட்டியிருந்த ஒரு விதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்போம்," என்றார்.

பரிசோதனைக்கு முந்தின நாள் பிசின் எடுத்தது நாத்தனார்தான். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மத்தால் நிதானமாகக் கடைந்து, துணியில் வடிகட்டி, அதைவிட நெருக்கமான துணியில் மறுபடி வடிகட்டி, கொதிக்கவைத்து ஆற்றினாள். இரண்டு தடவை போதும் என்றேன். அவள் ஏழு தடவை வடிகட்டினாள். ஒவ்வொரு தடவையும் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது.

எக்ஸ்ரே அறையில் அவரை நாற்காலியில் பக்கவாட்டாக உட்கார வைத்தார்கள். நானும் நாத்தனாரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். விழுங்கல் டாக்டர் திரையில் கருப்பாகத் தெரிவதற்கான மருந்தைப் பிசின் தண்ணீரில் கலந்து, மறுபடி சிரிஞ்சில் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, ஒரு தேக்கரண்டி ஊட்டினார். திரையில் அவர் தாடை, கழுத்தெலும்பு, தொண்டை எல்லாம் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. முன்பக்கம் மூச்சுக்குழாய், பின்பக்கம் உணவுக்குழாய். போன தடவை இதே திரையில் கருப்பு நேராக முன்பக்கம் இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். நாத்தனார் பாட்டிலை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

கருப்பு நாக்கின்மேல் ஊர்ந்து வந்தது. நாக்கு முடிகிற இடத்தில், தொண்டை வாசலில், ஒரு சின்னக் குழி உண்டு. அங்கே வந்து நின்றது. தொண்டை மூடவில்லை. வழக்கம்போல மெத்தனமாக இருந்தது. ஒரு விநாடி ஆயிற்று. தண்ணீராக இருந்தால் இதற்குள் நுரையீரலுக்குப் போயிருக்கும். இது போகவில்லை. அந்தக் குழியிலேயே ஓர் உருண்டையாக நின்றது. வேருக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்ட ஒன்று, என் கணவரின் தொண்டைக்காகக் காத்திருந்தது. இரண்டாவது விநாடி. பிறகு அவர் குரல்வளை மெல்ல மேலே எழும்பியது, வாசல் மூடியது, கருப்பு வழுக்கிப் பின்பக்கமாக ஒரே கோடாக இறங்கிப் போயிற்று. முன்பக்கம் ஒரு பொட்டுகூட இல்லை.

நான் அறிவியல் படித்தவள், கும்பிடுகிற பழக்கம் இல்லாதவள். அந்தத் திரையைப் பார்த்து என் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

விழுங்கல் டாக்டர் ஐந்து தடவை பார்த்தார். ஒரு தடவை வாயிலேயே அரை நிமிஷம் வைத்திருக்கச் சொல்லிப் பார்த்தார். ஐந்தும் பின்பக்கம்தான் போயின. வெளியே வந்து என்னிடம், "ஒரு தொண்டை விழுங்கிச்சுன்னா அது ஒரு தொண்டைதான். எல்லாருக்கும் குடுக்கலாம்னு கிளம்பிடாதீங்க," என்றார். "மூணு வாரம் பாப்போம். தெனம் அளவு எழுதணும், காய்ச்சல் வந்தா உடனே வரணும். குழாயை இப்ப நிறுத்தி வைக்கச் சொல்றேன்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

மருந்து கலக்காத பாட்டிலை நாத்தனார் டம்ளரில் ஊற்றினாள். என் கணவர் அதை நல்ல கையால் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். டம்ளரின் வழியாக எதிர்ச் சுவர் தெரிந்தது. ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, அரை நிமிஷம் கழித்து விழுங்கினார். இருமல் வரவில்லை. இன்னொரு வாய். பிறகு இன்னொன்று. டம்ளர் காலியாகும்வரை நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம்.

"எப்படிண்ணா இருக்கு?" என்றாள் நாத்தனார்.

"ருசி... இல்ல."

அவள் முகம் வாடிப்போயிற்று. "எலுமிச்சை ஏதாவது பிழிஞ்சு தரட்டுமா?"

வேண்டாம் என்று தலையை வேகமாக ஆட்டினார். கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. "ருசியே... இல்ல," என்றார் என்னைப் பார்த்து. "ஒண்ணுமே... இல்ல. தண்ணி."

டம்ளரை என்னிடம் நீட்டினார். நான் பாட்டிலைத் திறந்து மறுபடியும் ஊற்றினேன்.